யார் வீட்டுக்கு?

விடியற்காலை ஐந்தரைக்குப் புத்தூர் நால் ரோட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வாய்க்கால் பக்கம் சைக்கிளைத் திருப்பினால் முதலில் எதிர்கொள்வது நாற்றம்தான். வாய்க்காலின் பெயரான உய்யக்கொண்டான் என்பது ராஜராஜ சோழனின் பட்டப்பெயர். ஆயிரம் ஆண்டாக ஓடும் வாய்க்காலைச் சாக்கடைக்குப் பங்காளி ஆக்கிவிட்டோம். ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் கவர்களையும் பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேற்கே மிதிக்க வேண்டும்.

தண்ணீருக்கு எதிர்த்திசையில் போவதில் ஒரு வசதி. போகப் போக அது தெளிந்துகொண்டே வரும். உய்யக்கொண்டான் திருமலை தாண்டினால் நாற்றம் விட்டுப்போகும். குழுமணிப் பக்கம் போனால் படித்துறையில் ஆட்கள் வாய் கொப்பளிக்கிறார்கள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து புறப்படும்போது நல்ல தண்ணீர்தான் அது. ஊருக்குள் நுழைந்தபின் நாங்கள் சேர்த்தது என்னவென்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு சைக்கிள் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் என் மகள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அவள் சைக்கிள் ஓட்டும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். "மேடே இல்லப்பா, உங்க முட்டிகூட ஒத்துக்கும்" என்றாள். படத்திலிருந்த வழி, பர்கண்டியில் ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர். ரயில் நின்றுபோன பழைய தடத்தை 1997-இல் சைக்கிளுக்கும் நடைக்கும் என்று ஆக்கினார்கள். அந்த நாட்டின் முதல் பசுமை வழி அதுதான்.

மேடே இல்லாதது ஏன் என்று யோசித்தேன். ரயில் எஞ்சினுக்குச் செங்குத்தாக ஏற வராது. அதனால் குன்றைச் சுற்றி, பள்ளத்தைத் தூர்த்து, அதற்குத் தோதாகத் தடம் போட்டார்கள். வாய்க்காலோ ஏறவே ஏறாது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்க மட்டும்தான் தெரியும். ஏறத் தெரியாத ரெண்டு பேருக்காகப் போட்ட வழி, ஏற முடியாத என் முட்டிக்கு இன்றைக்கு உதவுகிறது. பலசாலிகளுக்காகப் போட்ட சாலையில் முப்பத்தைந்து வருஷம் ஸ்கூட்டரில் அலுவலகம் போய் வந்தவன் நான். அதில் எனக்கு நினைவிருப்பது வேகத்தடைகள் மட்டும்.

குழுமணி போகும் வழியெங்கும் வாழை. பூவன், ரஸ்தாளி, ஏலரிசி என்று ஒவ்வொருவர் கொல்லைக்கும் ஒரு விருப்பம். தார் தள்ளிய மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஒரு காலை மதகுக்குப் பக்கத்தில் செயின் கழன்றது. கழியில் கட்டிய அரிவாளால் இலை அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு வந்தார்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்லைங்கய்யா. சும்மா, சைக்கிள்ல..."

"சும்மாவா? புத்தூர்லேர்ந்தா?" ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "சுகரா?"

"ஆமாங்கய்யா" என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கே வெட்கம். அவருடைய கேள்வியில் தப்பில்லை. கரை என்பது ஒருவர் வீட்டுக்குப் போக, மடை திறக்க, மாடு ஓட்ட. வேலையில்லாமல் வருகிற ஆள் களவாணியாக இருக்கலாம், நோயாளியாக இருக்கலாம். எனக்கு நல்ல இடத்தையே கொடுத்தார். பர்கண்டியில் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று மகள் சொன்னாள். அங்கே அந்த வழியே சும்மா போகிறவர்களுக்குத்தான். எனக்கு அதில் பாதிப் பொறாமை, பாதி இல்லை. காலமெல்லாம் காரணத்தோடு மட்டுமே வெளியே கிளம்பிய எனக்கு, காரணமில்லாமல் கிளம்பியதை ஒப்புக்கொள்ள ஒரு நோய் தேவைப்பட்டது. சந்தேகப்பட்டது அவரா, நானா?

அப்புறம் அந்த வழியில் எப்போது போனாலும் "சுகர் எப்படி இருக்கு?" என்பார். "கொஞ்சம் இறங்கியிருக்கு" என்பேன். பக்கத்தில் பூவன் பழுத்துத் தொங்கும். "ஒரு சீப்பு குடுக்கலாம்னா உங்களுக்கு ஆகாதே" என்று உண்மையாகவே வருத்தப்படுவார். பொய்க்கு உடனடித் தண்டனை என்றால் அதுதான்.

போன மாதம் ஒரு நாள் கை காட்டி நிறுத்தினார். இலை எடுத்துப்போகும் பையன் வரவில்லையாம். "நால் ரோடு பக்கம்தானே போறீங்க? இந்தக் கட்டை டிபன் கடையில குடுத்துடுங்க, எட்டு மணிக்குள்ள போவணும்." சருகு சுற்றி நாரால் கட்டிய நுனி இலைக் கட்டைக் கேரியரில் வைத்து அவரே இறுக்கிக் கட்டினார். இலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் சட்டையின் முதுகு நனைந்துபோனது. திருமலைப் பக்கம் வந்தபோது மணி ஏழரை. கரையில் நின்ற ஒருவர், "எங்க சார் இவ்வளவு அவசரமா?" என்றார்.

"இலை கொண்டுபோறேன்" என்று கத்திவிட்டு மிதித்தேன்.