விபசாரத்திற்கு லைசென்ஸ் கொடுக்கலாமா?

குடும்பத்தார் அனைவரும் படிக்கும் பத்திரிகையில் இப்படியொரு தலைப்பா என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுடைய நாணத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் நம் வீட்டுப் பெண்மக்கள் ஓதிவரும் அன்னூர் அத்தியாயத்தில் அல்லாஹு தஆலாவே இவ்விஷயத்தைத் திறந்து பேசியிருக்கிறான். எனவே மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை எடுத்துரைக்காமல் மௌனம் சாதிப்பது முறையாகாது.

2009 டிசம்பரில் ஒரு பொதுநல வழக்கை விசாரித்த சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள், சர்க்கார் வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உலகின் மிகப் பழமையான தொழில் என்று சொல்லப்படும் இதைத் தண்டனையால் ஒழிக்க முடியவில்லை என்றால், சட்டபூர்வமாக்கிவிட்டால் என்ன? அப்போது கண்காணிக்கலாம், மறுவாழ்வு அளிக்கலாம், வைத்திய வசதி செய்யலாமே என்பது அக்கேள்வியின் சாரம். அன்று முதல் படித்தவர்கள் மத்தியில் இது அடிக்கடி எழும் கேள்வியாகிவிட்டது. நம் சமுதாய இளைஞர்களிலும் சிலர், இதில் என்ன தவறு என்று நம்மிடம் கேட்கத் தொடங்கியுள்ளனர்.

முதலில் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். 1956ல் இயற்றப்பட்டு 1986ல் திருத்தப்பட்ட ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம், விபசார விடுதி நடத்துவதையும், தரகு வேலை பார்ப்பதையும், இன்னொருத்தியின் இச்சம்பாத்தியத்தில் உண்டு வாழ்வதையும், பொது இடத்தில் ஆளழைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. தனியொரு பெண் தன்னளவில் இதில் ஈடுபடுவதை அது குற்றமென்று சொல்லவில்லை. 2022 மே 19ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு, இப்பெண்களுக்கும் மனித கண்ணியம் உண்டு, சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, போலீசார் அவர்களைத் துன்புறுத்தலாகாது என்று கூறியது. அனுமதி கேட்போர் இதற்கும் ஒருபடி மேலே போய், விடுதிகளுக்கும் லைசென்ஸ் கொடுத்து, பெண்களைப் பதிவு செய்து, டாக்டர் பரிசோதனை நடத்தி, வரியும் வாங்கலாம் என்கின்றனர்.

அவர்களுடைய வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. மறைவில் நடக்கும்போது ரவுடியும் லஞ்சம் வாங்கும் அதிகாரியும் அவளை வதைக்கின்றனர். அடிபட்டால் புகார் கொடுக்க இடமில்லை. நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சம். கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992ல் தொடங்கிய சுகாதாரப் பணி, அப்பெண்களையே ஊழியர்களாக்கி நோய்த்தடுப்பில் நல்ல பலன் கண்டது. 1995ல் அவர்கள் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சேமிப்புச் சங்கமும் அமைத்துக்கொண்டனர். இவை உண்மைகள். ஓர் உயிரைக் காப்பாற்றுவது மனிதர் அனைவரையும் காப்பாற்றியதற்கு ஒப்பாகும் என்று போதிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், இதைக் கண்டு முகம் திருப்ப நியாயமில்லை.

இன்னும் சிலர் ஃபிக்ஹு சட்டத்திலிருந்தே ஒரு விதியை எடுத்து வைக்கின்றனர். இரு தீமைகள் எதிர்ப்பட்டால் இலேசானதை ஏற்று, கடுமையானதைத் தவிர்க்க வேண்டும் என்பது நம் இமாம்கள் வகுத்த விதி. அதன்படி, மறைவான விபசாரத்தைவிடக் கண்காணிப்புக்குட்பட்ட விபசாரம் மேலல்லவா என்கின்றனர். விதி சரியானதே. ஆனால் இரண்டில் ஒன்றை ஏற்றே தீரவேண்டும், மூன்றாவது வழி கிடையாது என்ற நிலையில்தான் அது பொருந்தும். மூன்றாவது வழி இருக்கும்போது இதை எடுத்தாள்வது, ஊரில் ஆட்டிறைச்சி கிடைத்துக்கொண்டிருக்க, பசியென்று சொல்லிச் செத்த பிராணியைத் தின்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது வழி எது என்று பார்க்குமுன், லைசென்ஸ் முறை எங்கெல்லாம் இருந்தது, என்ன விளைந்தது என்பதைக் கவனிப்போம். நம் நாட்டிலேயே அது இருந்தது. வெள்ளையர் ஆட்சி தன் சிப்பாய்களின் ஆரோக்கியத்தைக் கருதி 1864ல் கன்டோன்மென்ட் சட்டத்தையும் 1868ல் தொற்றுநோய்ச் சட்டத்தையும் கொண்டுவந்தது. பெண்கள் பதிவு செய்யப்பட்டனர். குறித்த நாளில் பரிசோதனைக்கு வரவேண்டும். நோய் கண்டால் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற இடத்தில் அடைத்து வைப்பர். சென்னையிலும் அப்படியொன்று இருந்தது. பதிவும் பரிசோதனையும் அடைப்பும் பெண்ணுக்கு மட்டுமே. அவளிடம் வந்து போன சிப்பாயை அச்சட்டம் தொடவில்லை. இங்கிலாந்திலும் இதே போன்ற சட்டம் இருந்தது. ஜோஸஃபின் பட்லர் என்ற மாது பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 1886ல் அங்கும், 1888ல் இங்கும் அவை நீக்கப்பட்டன.

நூறாண்டு கழிந்தும் மனிதர்களின் பார்வை அதிகம் மாறவில்லை. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் குழுவினர் விலைமாதர் சிலரின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டது. அந்தப் பெண்களைப் பற்றி எல்லோரும் பேசினர். அவர்களுக்கு அந்நோயைக் கொண்டுவந்து கொடுத்த ஆண்கள் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே.

ஐரோப்பாவைப் பார்ப்போம். ஹாலந்து 2000 அக்டோபரில் விடுதிகள் மீதிருந்த தடையை நீக்கியது. ஏழாண்டுகள் சென்றதும், குற்றக் கும்பல்கள் அங்கே வேரூன்றிவிட்டன என்று சொல்லி ஆம்ஸ்டர்டாம் நகராட்சியே பெண்களைக் காட்சிக்கு வைக்கும் ஜன்னல்களில் பலவற்றை மூடும் வேலையில் இறங்கியது. ஜெர்மனி 2002ல் இதை ஒரு தொழிலாக அங்கீகரித்தது. அது போதாதென்று கண்டு 2017ல் கட்டாயப் பதிவைக் கொண்டுவந்தது. 2019 இறுதியில் பதிவு செய்திருந்தோர் சுமார் 40,400 பேர். மொத்தத் தொகையை மதிப்பிடுவோரோ லட்சக்கணக்கில் சொல்கின்றனர். ஆக, லைசென்ஸ் வந்த பிறகும் பெரும்பாலோர் மறைவிலேயே இருந்தனர். வெளிச்சத்துக்கு வந்து கௌரவம் பெற்றவன் விடுதி முதலாளிதான்.

இப்பிரச்சினையில் ஒரு முஸ்லிமுக்கு நேர்ந்த சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2003ல் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் விபசாரத்தைக் குற்றமல்ல என்றாக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 60, எதிர்ப்பு 59. எந்தப் பக்கமும் வாக்களிக்காதவர் ஒருவர். அவர் அந்நாடாளுமன்றத்தின் ஒரே முஸ்லிம் உறுப்பினரான அஷ்ரஃப் சௌத்ரி. அவர் எதிர்த்து வாக்களித்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. நம்மில் பலர் நிற்கும் இடமும் அதுவே என்பதால்தான் சொல்கிறோம். ஆம் என்றால் ஹராமை ஆமோதித்ததாகிறது. இல்லை என்றால் ஓர் ஏழைப் பெண்ணைப் போலீஸ் தடிக்கும் ரவுடிக்கும் விட்டுவிட்டதாகிறது. ஆகவே வாய் திறக்காமல் இருந்துவிடுகிறோம்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதே. அந்தப் பெண்ணை என்ன செய்வது என்பது ஒன்று. அந்த வியாபாரத்தை என்ன செய்வது என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துக்காட்டிய பெருமை திருமறைக்கு உண்டு.

மதீனாவில் முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை, தன் அடிமைப் பெண்களை விபசாரத்துக்கு அனுப்பிப் பணம் சேர்த்து வந்தான். பத்தினித்தனமாக வாழ விரும்பிய அப்பெண்கள் முறையிட்டனர். அப்போதுதான் அன்னூர் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் இறங்கியது. கற்புடன் வாழ விரும்பும் பெண்களை உலகப் பொருளுக்காக இதில் நிர்ப்பந்திக்காதீர்கள் என்று தடுத்த அல்லாஹ், நிர்ப்பந்திக்கப்பட்டதன் பின் தான் மன்னிப்பவன், அன்புடையவன் என்றும் அறிவித்தான். மன்னிப்பு யாருக்கு? அது அப்பெண்களுக்கே உரியது என்று இமாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் சத்தியமிட்டுச் சொன்னார்கள். வியாபாரிக்கு அதில் பங்கில்லை. நிர்ப்பந்தம் என்பது நிர்ப்பந்திக்கப்பட்டவளுக்குச் சலுகை. அதை வைத்துப் பிழைப்பவனுக்கு அது லைசென்ஸ் ஆகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விபசாரியின் கூலியைத் தடுத்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. அப்படியிருக்க, அக்கூலியில் வரி வாங்கும் சர்க்காரும், வாடகை வாங்கும் வீட்டுக்காரரும் அதில் பங்குதாரர் ஆவதை நாம் எப்படி ஏற்க முடியும்?

'பலர் மனமொப்பியே இதில் ஈடுபடுகிறார்களே, அவர்களை யார் நிர்ப்பந்தித்தது?' என்று கேட்பார்கள். மனமுவந்து செய்தால் அது பெரும் பாவம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான பாவம். இதை நாம் மழுப்ப மாட்டோம். ஆனால் சம்மதம் என்பதை எதைக்கொண்டு அளப்பது? குகையில் அடைபட்ட மூவரின் ஹதீஸை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர் தம் சிற்றப்பன் மகளை விரும்பி அழைத்தார். அவள் மறுத்தாள். பஞ்ச காலம் வந்தது. அவளே தேடி வந்து, 120 தீனார் வாங்கிக்கொண்டு உடன்பட்டாள். கடைசி நேரத்தில்தான், அல்லாஹ்வைப் பயந்துகொள் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. அவர் எழுந்து போய்விட்டார், பணத்தையும் அவளிடமே விட்டுவிட்டார். அந்தப் பெண்ணிடம் லைசென்ஸ் ஆபீசில் படிவத்தை நீட்டியிருந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவளுடைய பசியையும் உள்ளத்து நடுக்கத்தையும் எழுத அந்தப் படிவத்தில் இடமிருந்திருக்காது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், தாகத்தால் தவித்த ஒரு பெண் ஓர் இடையனிடம் தண்ணீர் கேட்டாள். தன் இச்சைக்கு இணங்கினால்தான் தருவேன் என்றான். அவளும் வேறு வழியின்றி இணங்கினாள். வழக்கு வந்தபோது, இவள் நிர்ப்பந்தத்துக்கு ஆளானவள் என்று அலீ (ரலி) அவர்கள் ஆலோசனை கூற, அவள் விடுவிக்கப்பட்டாள் என்று பைஹகீயில் ரிவாயத் உள்ளது. அவளுடைய 'சம்மதத்தை' அந்தப் பெரியார்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காக, தண்ணீருக்கு இதுதான் விலை என்று சட்டம் போடவும் இல்லை.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். வியாபாரத்துக்கு லைசென்ஸ் கூடாது. விடுதிக்காரனையும் தரகனையும் ஆள் கடத்துபவனையும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். பணம் கொடுத்து வருபவனையும் சட்டம் கேள்வி கேட்க வேண்டும். ஸ்வீடன் 1999லும் பிரான்ஸ் 2016லும் வாங்குபவனையே குற்றவாளியாக்கின. அவை மார்க்கத்துக்காக அப்படிச் செய்யவில்லை. அச்சட்டத்தால் பெண்கள் மேலும் மறைவிடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று குறை கூறுவோரும் உண்டு. ஆயினும் 1868ன் சட்டம் காண மறுத்த அந்த ஆணை அவை கண்டுகொண்டன.

பெண்ணைப் பொறுத்தவரை, ரேஷன் கார்டும் சிகிச்சையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் போலீஸ் பாதுகாப்பும் அவளுக்குக் கிடைக்கவேண்டும். இவற்றைக் கொடுக்கத் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அவள் ஒரு மனுஷி என்பதே போதும்.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் வீட்டிலேயே ஒரு லைசென்ஸ் முறை நடந்ததே! ஹைதராபாத்தில் வெளிநாட்டுக் கிழவர்களுக்கு ஏழைச் சிறுமிகளைச் சில நாட்களுக்கென்று பணம் வாங்கி நிக்காஹ் செய்து கொடுத்த கும்பலை 2017 செப்டம்பரில் போலீசார் பிடித்தபோது, பிடிபட்டவர்களில் காஜிகளும் இருந்தனர். தஃப்தரும் முத்திரையும் சாட்சிகளின் கையெழுத்தும் எல்லாம் இருந்தன. முத்திரை குத்தியதால் அந்தச் சிறுமிக்கு நேர்ந்தது மாறிவிட்டதா? காகிதம் ஹராமை ஹலாலாக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நிர்ப்பந்தத்தைத் தடுக்கும் அந்த வசனத்துக்கு முந்திய வசனம் எது தெரியுமா? உங்களில் துணையற்றவர்களுக்கு மணமுடித்து வையுங்கள், அவர்கள் ஏழைகளாயிருந்தால் அல்லாஹ் செல்வம் அளிப்பான் என்ற கருத்துடைய வசனம். இதுதான் மூன்றாவது வழி. கைக்கூலியும் நகையும் கேட்டு ஒரு குமரை வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்கும் மாப்பிள்ளை வீட்டார், அந்தப் பாழும் தெருவுக்குப் போகும் பாதையில் தாங்களும் ஒரு கல் பதிக்கிறார்கள் என்பதை உணரவேண்டும். கணவன் கைவிட்ட பெண்ணுக்கும் விதவைக்கும் பைத்துல்மாலிலிருந்து மாதாமாதம் ஏதேனும் போய்ச் சேருகிறதா என்று ஜமாஅத்தார் கணக்குப் பார்க்க வேண்டும். இரவில் ஆளறியாமல் ஒருவர் கொடுத்த தர்மம் விபசாரி ஒருத்தியின் கையில் விழுந்ததாக வரும் ஹதீஸை நினைவுகூருங்கள். ஊரார் அதைக் குறை பேசினர். அவருக்கோ, அந்தத் தர்மத்தால் அவள் அச்செயலை விட்டுவிடலாம் என்று நற்செய்தி சொல்லப்பட்டது. நம்முடைய ஜகாத் அந்தக் கை வரை போகிறதா?

இன்னொன்றும் உண்டு. திருந்தி வரும் பெண்ணுக்கு நம் மஹல்லாவில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்குமா? அவள் பிள்ளையை மக்தபில் மற்றப் பிள்ளைகளுடன் உட்கார வைப்போமா? அவள் மகளுக்கு மாப்பிள்ளை வருவானா? பழையதைக் கிளறிப் பெயர் சூட்டும் நாவுகளுக்குத் திருமறை என்ன தண்டனை விதித்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நான்கு சாட்சிகளின்றி ஒரு பத்தினியைப் பழித்தவனுக்கு எண்பது கசையடி. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்த விபசாரியை அல்லாஹ் மன்னித்துவிட்டான். அல்லாஹ் மன்னித்துவிட்டவளை மன்னிக்க மறுக்கும் அதிகாரத்தை நமக்குத் தந்தது யார்?

லைசென்ஸ் கொடுப்பது எளிது. ஒரு காகிதமும் ஒரு முத்திரையும் போதும். அவளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுவதுதான் கடினம். அதற்கு நம் பணமும், நம் பிள்ளைகளின் திருமணப் பழக்கமும், நம் நாவும் மாறவேண்டும்.

வல்ல நாயன் நம் வீடுகளையும் நம் பெண்மக்களின் கற்பையும் காத்தருள்வானாக! வழி தவறியோரும் நிர்ப்பந்தத்தில் சிக்கியோரும் கண்ணியத்துடன் திரும்பி வர நம்மையும் ஒரு காரணமாக ஆக்கிவைப்பானாக! ஆமீன்.