தகுதியும் பசியும்

எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாலைவனப் பாதையில், தேரில் அமர்ந்து எசாயாவின் சுவடியை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய நிதியமைச்சரின் வரலாற்றைத் திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். பிலிப்பு தேரில் ஏறுகிறார், வாசித்த பகுதிக்குப் பொருள் கூறுகிறார், இயேசுவை அறிவிக்கிறார். வழியில் தண்ணீர் தென்பட்டதும், தாம் திருமுழுக்குப் பெறத் தடையாக இருப்பது என்ன என்று அமைச்சர் கேட்கிறார். பிலிப்பு அவரிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்கவில்லை. இருவரும் தண்ணீருக்குள் இறங்குகின்றனர்.

ஆனால் அதே திருச்சபைதான் சில தலைமுறைகளுக்குள் மூன்றாண்டு ஆயத்தத்தை வகுத்தது. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் திருத்தூதர் மரபு என்னும் நூல், திருமுழுக்கு நாடுவோர் மூன்றாண்டுகள் போதனை கேட்க வேண்டும் என்கிறது. எனினும் ஒருவர் ஆர்வத்தோடு நிலைத்திருந்தால், காலத்தை அன்று அவருடைய நடத்தையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறது. கதவு திறந்தும் இருக்கிறது. கதவருகே ஒருவர் நிற்கவும் செய்கிறார். முப்பது ஆண்டுகளை நெருங்கும் என் குருத்துவ வாழ்வில், அவ்வாறு கதவருகே நிற்பவனாகவே பல நாள்களைக் கழித்திருக்கிறேன். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு ஏட்டில் படித்த கேள்வியன்று: ஒரு பிள்ளை ஆயத்தமாக இல்லை என்று சொல்ல எனக்கு எப்பொழுது உரிமை உண்டு?

நான் இளங்குருவாக இருந்தபோது உப்பளங்கள் சூழ்ந்த ஒரு பங்கில் பணியாற்றினேன். புதிய பங்குத்தந்தைக்குரிய கண்டிப்பு என்னிடம் நிறையவே இருந்தது. கோடை விடுமுறையில் மாலைதோறும் புதுநன்மை வகுப்பு. ஐந்து வகுப்புகளுக்கு மேல் வராதவருக்குப் புதுநன்மை இல்லை. இறுதியில் வாய்மொழித் தேர்வு. விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், ஏழு அருட்சாதனங்கள், மனத்துயர் மன்றாட்டு ஆகியவற்றைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அந்த விதியைப் பூசையில் இரு முறை வாசித்தேன். அது நேர்மையான விதி என்றே நம்பினேன். எல்லாருக்கும் ஒன்றுபோல இருந்ததால் நீதியான விதி என்றும் நம்பினேன்.

உப்பு வாரும் காலமும் அந்தக் கோடைதான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பாதி வகுப்புகளுக்கு வரவில்லை. பெற்றோர் இருவரும் விடியுமுன்னே அளத்துக்குப் போய்விடுவார்கள். மாலையில் திரும்பித் தண்ணீர் பிடித்து உலை வைக்கும்வரை தங்கையை அவன்தான் இடுப்பில் சுமந்திருப்பான். தேர்வின்போது விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்துவைத் தாண்ட அவனால் முடியவில்லை. மூன்று முறை தொடங்கினான்; மூன்று முறையும் அங்கேயே நின்றான். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அவன் தாயிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. “அடுத்த வருசம் எந்த அளத்துல கெடப்போமோ சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதுநன்மை நாளன்று முப்பத்திரண்டு பிள்ளைகள் வெள்ளுடையில், கையில் மெழுகுதிரியோடு வந்தார்கள். அவர்கள் வாங்கி முடித்தபின் மற்றவர்களின் வரிசை வந்தது. அந்த வரிசையின் கடைசியில், தங்கையைச் சுமந்துகொண்டு அவன் நின்றான். என் முன்னே வந்ததும் குழந்தையை இறக்கிவிட்டுக் கைகளைக் குவித்தான். நான் அவன் தலையில் கை வைத்து ஆசீர் வழங்கி, பாத்திரத்தோடு பீடத்துக்குத் திரும்பினேன். திரும்பி ஓரிரு நொடி ஆன பின்னும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்ததை ஓரக் கண்ணால் கண்டேன். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் அங்கில்லை. எங்கே போனார்கள் என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. பின்னொரு நாள் பேச்சுவாக்கில் உபதேசியார் சொன்னார்: “அந்தப் பய வகுப்புக்குத்தான் வரல சாமி, ஞாயித்துக்கிழமை பூசைய ஒரு நாளும் விட்டதில்ல.”

அன்று நான் செய்தது சட்டப்படி தவறா? திருச்சபைச் சட்டத்தைத் திறந்தால் எனக்குச் சாதகமான வரியும் கிடைக்கும். போதிய ஆயத்தம் இல்லாத பிள்ளைகள் திருப்பந்தியை அணுகாதவாறு பங்குத்தந்தை கவனிக்க வேண்டும் என்று 914ஆம் சட்டம் கூறுகிறது. ஆனால் அதே சட்டத்தின் முற்பகுதி, பிள்ளைகள் அறிவு விளங்கும் பருவத்தை அடைந்ததும் அவர்களை ஆயத்தப்படுத்தி, கூடிய விரைவில் இந்த உணவால் ஊட்டம் பெறச் செய்வது முதலில் பெற்றோரின் கடமை என்றும், பங்குத்தந்தையின் கடமையும் அதுவே என்றும் கூறுகிறது. நான் பிற்பகுதியை நிறைவேற்றினேன். முற்பகுதியை அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டேன். தகுந்த முறையில் கேட்பவர்களுக்கும், தக்க மனநிலை உள்ளவர்களுக்கும், சட்டத்தால் தடை செய்யப்படாதவர்களுக்கும் அருட்சாதனங்களை மறுக்கலாகாது என்று 843ஆம் சட்டம் பணியாளர்களுக்கு விதிக்கிறது. அடுத்த பத்தியிலேயே, கேட்பவர்களை ஆயத்தப்படுத்தும் கடமையை ஆன்ம மேய்ப்பர்கள்மீதும் மற்ற இறைமக்கள்மீதும் சுமத்துகிறது. ஆயத்தமின்மை என்பது பெரும்பாலும் ஆயத்தப்படுத்தாமையின் மறுபெயராகவே இருப்பதை இந்த வரிசையில் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், அறிவு விளங்கும் பருவத்தை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்காக் காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்தப் பருவம் எது என்ற கேள்வியில்தான் பிற்காலத்தார் தடுமாறினர். பத்து வயது என்றனர், பன்னிரண்டு என்றனர், பதினான்கு என்றனர். ஜான்செனியக் கொள்கையின் தாக்கத்தால் நற்கருணை நோயாளிக்கு மருந்தாக இல்லாமல், நல்லவருக்குப் பரிசாகிவிட்டது. இதைத் திருத்தியவர் புனித பத்தாம் பயஸ். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் வெளியான ஆணையில், ஏறக்குறைய ஏழு வயதே அந்தப் பருவம் என்றும், மறைக்கல்வி முழுவதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை என்றும், நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு அணுகினால் போதும் என்றும் தெளிவுபடுத்தினார். எஞ்சியவற்றைப் பிள்ளை பின்னர்ப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளும். நம்மில் பலர் கவனியாத ஒரு செய்தியும் அந்த ஆணையில் உண்டு. பிள்ளையைப் புதுநன்மைக்கு ஏற்பது தந்தைக்கும், அவர் நிலையில் இருப்பவருக்கும், ஆன்மகுருவுக்கும் உரியது என்கிறது அது. தந்தையின் பெயரே முதலில் வருகிறது. என் தேர்வு அறையில் எந்தத் தந்தைக்கும் நாற்காலி போடப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் மனப்பாடம் வீண் என்று நான் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களே இந்த ஆயத்தத்துக்காக எழுந்தவை. அண்டிரிக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு மறைக்கல்வி நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. அதற்கும் முன்னர், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் கற்பிக்குமாறு அப்பிள்ளைகளையே பணித்தார். இன்று நாம் பெற்றோரைக் கொண்டு பிள்ளைகளை ஆயத்தப்படுத்த முயல்கிறோம். அவர் பிள்ளைகளைக் கொண்டு பெற்றோரை ஆயத்தப்படுத்தினார்! சாகக் கிடக்கும் மூதாட்டிகளுக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் செல்லும்போது பெற்ற மகனின் பெயரையே மறந்தவர்களைக் கண்டிருக்கிறேன். “அருள் நிறைந்த மரியே” என்று நான் தொடங்கியதும் உதடுகள் தாமே அசையத் தொடங்கும். சின்னக் குறிப்பிடம் படித்த தலைமுறை அது. நெஞ்சில் சேர்த்த செபம் அறிவு போன பின்னும் நிற்கிறது. ஆகவே மனப்பாடத்தை நான் கைவிடவில்லை. அதைச் சுங்கச் சாவடியாக்கியதைத்தான் கைவிட்டேன்.

என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் இதை ஏற்பதில்லை. விதியைத் தளர்த்தினால் எவரும் வகுப்புக்கு வரமாட்டார்கள், புதுநன்மை புகைப்படத்துக்கும் பிரியாணிக்கும் உரிய விழாவாகச் சுருங்கிவிடும் என்பது அவர் வாதம். அவர் அச்சம் ஆதாரமற்றதன்று. முன்சொன்ன அதே ஆண்டில், எல்லா செபங்களையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்த சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு மண்டபத்தில் விருந்து நடந்தது. ஊர்ச் சுவரெல்லாம் அவன் படம் ஒட்டப்பட்டது. அடுத்த ஞாயிறு அவனையோ அவன் பெற்றோரையோ பூசையில் காணவில்லை. ஆனால் இந்த நிகழ்ச்சி என் நண்பர் நினைப்பதற்கு மாறானதையன்றோ காட்டுகிறது! என் கண்டிப்பான விதியைக் குறைவின்றி நிறைவேற்றிய குடும்பம் அது. அவர்கள் ஏமாற்றவில்லை, நான் கேட்டதைக் கொடுத்தார்கள். நான் கேட்டது அவ்வளவுதான்.

அருட்சாதனங்கள் செயலாற்றப்படுவதாலேயே அருளை வழங்குகின்றன என்று குருமடத்தில் கற்றோம். கொடுப்பவரின் தூய்மையை நம்பி அருள் வருவதில்லை. இது நமக்கெல்லாம் பெரும் ஆறுதல், குறிப்பாக என் போன்ற குருக்களுக்கு. ஆனால் பெறுபவர் தடை வைக்காதிருக்க வேண்டும் என்பதும், அருள் அவரில் கனி தருவது அவர் உள்ளத்தின் திறப்பைப் பொறுத்தது என்பதும் அப்பாடத்தின் மறுபாதி. ஆயத்தம் அனைத்தும் இந்த மறுபாதிக்காகவே நடைபெறுகிறது. எனவே, பிள்ளை எவ்வளவு அறிந்திருக்கிறது என்பதைவிட, பிள்ளைக்குப் பசிக்கிறதா என்பதே நான் கேட்க வேண்டிய முதற்கேள்வி. அறிவை நான் ஊட்டலாம். பசியை என்னால் உண்டாக்க இயலாது. உப்பளத்துச் சிறுவனிடம் இருந்தது அந்தப் பசி. அதை வைத்துக்கொண்டுதான் அவன் என் முன்னே நின்றான்.

பெற்றோரைப் பற்றி ஒரு சொல். பள்ளிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் தேவை என்று குழந்தையின் திருமுழுக்குக்கு அவசரமாக வருவோர் உண்டு. குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கை வேண்டும், அது அறவே இல்லையெனில் தள்ளிவைக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. மறுப்பது வேறு, தள்ளிவைப்பது வேறு. தள்ளிவைத்துவிட்டு அந்த வீட்டுப் படியை ஒருமுறையேனும் நான் ஏறவில்லையானால், இரண்டும் ஒன்றே. அந்த நம்பிக்கை அறவே இல்லாத வீட்டை இதுவரை ஒன்றோ இரண்டோதான் கண்டிருக்கிறேன். பாட்டி ஒருவர் மூலையில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். அது போதும், அங்கிருந்து தொடங்கலாம்.

இப்போதுள்ள பங்கில் வகுப்புகளை வேலைக் காலம் பார்த்து வைக்கிறோம். வர இயலாத பிள்ளைகளின் தெருவுக்கு மறைக்கல்வி ஆசிரியைகள் செல்கிறார்கள். பெற்றோருக்கு மூன்று மாலைகள் அன்பியக் கூட்டத்தில், அவர்கள் தெருவிலேயே. அதற்கும் வராத தந்தையர் உண்டு. அவர்களுக்காகப் பிள்ளையை நிறுத்துவதில்லை. வெள்ளுடைகளைப் பங்கே தைத்து வைத்திருக்கிறது. பிள்ளையின் புதுநன்மைக்கு வட்டிக்குக் கடன் வாங்கிய ஒரு தந்தையைக் கண்டபின் எடுத்த முடிவு இது. பங்குப் பேரவையில் இதற்கு எழுந்த எதிர்ப்பை எழுதினால் இன்னொரு கட்டுரையாகும்.

புதுநன்மைக்குப் பின் ஆறு வாரம் வகுப்பைத் தொடர்கிறோம். நான்காம் நூற்றாண்டில் எருசலேமில், புதிதாகத் திருமுழுக்கும் நற்கருணையும் பெற்றவர்களுக்கு, அவற்றைப் பெற்ற பிறகே அவற்றின் மறைபொருள் விளக்கப்பட்டது. புனித சிரிலின் பெயரால் வழங்கும் மறையுரைகள் அவை. சுவைத்தவனுக்குத்தான் சுவையை விளக்க முடியும் என்று அவர்கள் கருதினார்கள் போலும். இந்த ஆறு வாரங்களில் வருகை பாதியாகக் குறைகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்வாண்டு வந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பேசுவதில்லை, எழுத்தும் பிடிபடவில்லை. விசுவாசப் பிரமாணத்தின் முதற்சொல்லைக்கூட அவளிடம் கேட்க இயலாது. சாகும் தறுவாயில் உள்ள பிள்ளைக்கு, ஆண்டவரின் உடலைச் சாதாரண உணவிலிருந்து வேறுபடுத்தி அறிந்து வணக்கத்தோடு வாங்க முடிந்தாலே போதும் என்று 913ஆம் சட்டம் சொல்கிறதே, அந்த வேறுபாடு இவளுக்குத் தெரிகிறதா என்பதை எப்படி அறிவேன் என்று தாயிடமே கேட்டேன். “வீட்டுல சோத்தப் பார்த்தா பறிச்சுத் தின்பா சாமி. கோயில்ல நீங்க அப்பத்த உயர்த்துறப்ப மட்டும் கைய மடக்கிக்கிட்டு அசையாம நிப்பா. நான் சொல்லிக் குடுக்கல” என்றார்.

அடுத்த ஞாயிறு எழுந்தேற்றத்தின்போது அந்தப் பக்கம் பார்த்தேன். பெயர்ப் பட்டியலில் அவளை ஏழாவதாக எழுதியிருக்கிறேன். அன்று தாயும் தந்தையும் அவளுடன் வரிசையில் வருவார்கள்.