தைத்தவளின் துயரத்திற்கு விலை

கையால் தைத்த ஒரு பையை வாங்குகிறபோது நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்? துணிக்கா, தைத்த மணித்தியாலங்களுக்கா, அல்லது தைத்தவளின் கதைக்கா? கடைக்காரர்கள் யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக்கூடிய கேள்விதான். ஆனால் சொந்தக் கதையைச் சொல்லி வதிவிட உரிமை பெற்றவர்களான நமக்கு இந்தக் கேள்வி அவ்வளவு தூரத்தில் இல்லை.

இந்த நகரத்தில் நாங்கள் சில பெண்கள் சனிக்கிழமைகளில் கூடிப் பை தைக்கிறோம். பழைய கொட்டன் சேலைகள்தான் மூலப்பொருள். சேலையைத் தோய்த்துக் காயவைத்து, நைந்த பகுதியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்தால் முகத்துணி. அதன் கீழே மெல்லிய பஞ்சுப்படை. அதற்கும் கீழே உள்துணி. மூன்றும் நழுவாதபடி பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நூலோடவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி சுருண்டு பொம்மிக்கொண்டு நிற்கும். பாரம் முழுவதும் பிடியில்தான் விழும் என்பதால், பிடி சேருமிடத்தில் சதுரமாகவும் குறுக்காகவும் திரும்பத் திரும்பத் தைக்கவேண்டும். எவ்வளவு கைவேகமுள்ளவருக்கும் ஒரு பைக்குப் பத்து மணித்தியாலத்திற்குக் குறையாது. அந்த மணித்தியாலங்களுக்கு இந்த நாட்டுக் கூலியைப் போட்டால் பையின் விலையைக் கேட்டவர் திரும்பிப் பாராமல் போய்விடுவார். மெசினில் தைத்த பை அதில் பத்திலொரு பங்குக்குப் பக்கத்துக் கடையில் தொங்குகிறது.

நமது போராட்டங்களிலும் துயரங்களிலும் உண்மையான அக்கறை கொண்ட ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பையிலும் ஒரு சிறிய அட்டையைக் கட்டுங்கள். தைத்தவரின் படத்தைப் போடுங்கள். போரில் கணவனை இழந்தவர், இத்தனை மாதம் முகாமில் இருந்தவர் என்று இரண்டு வரி எழுதுங்கள். இரட்டிப்பு விலைக்குப் போகும். அவர் சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் போகும். எங்களில் ஒருவர் மட்டும் ஊசியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "தையலுக்குக் காசு தரட்டும். என்ர மனுசன் விற்பனைக்கு இல்லை."

இந்த மறுப்பை வெறும் ரோசம் என்று தள்ளிவிட முடியாது. அதே நேரம், அதுவே கடைசி வார்த்தை என்று தலையாட்டிவிட்டு எழும்பவும் முடியாது. அட்டை வேண்டும் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. எழுதப்போவது உண்மை. வரப்போகும் காசு ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போகும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அதை நடத்தியவர்களுக்குத்தானே வசதி? சூடேற்றிய அறையில் இருந்துகொண்டு கௌரவம் பேசுவது சுலபம் என்றும் ஒருவர் சொன்னார். அதுவும் சரி.

ஜேர்மன் தத்துவஞானி கான்ட் 1785இல் வெளியான நூலொன்றில் விலையையும் மாண்பையும் பிரித்துக் காட்டினார். விலையுள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். எதற்கு ஈடு கிடையாதோ அதற்குத்தான் மாண்பு. இந்தப் பிரிவினையின்படி பைக்கு விலை உண்டு, தொலைந்த மனிதனுக்கு ஈடில்லை. அந்தப் பெண் சொன்னதும் இதையேதான். ஆனால் நாம் ஏற்கெனவே ஒருமுறை ஈடில்லாததை மேசையில் வைத்தவர்கள். 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, துன்புறுத்தப்படுவோம் என்ற பயத்திற்குத் தகுந்த ஆதாரம் இருக்கவேண்டும் என்கிறது. அந்த ஆதாரத்தைத் தேடி அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார், நாம் சொன்னோம். எந்தத் திகதி, எத்தனை பேர், எங்கே அடித்தார்கள். போதுமான துயரம் இருந்தால் கடதாசி கிடைத்தது. போதாதென்றால் நிராகரிப்பு. வேறு வழியில்லாமல் சொன்ன கதை அது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டை கட்டினால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விசாரணை மறுபடி நடக்கும். இம்முறை அதிகாரியின் கதிரையில் வாடிக்கையாளர் இருப்பார்.

அதன் விளைவு என்ன? இரண்டு பைகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் தையல் எறும்பு ஊர்ந்ததுபோலச் சீரானது, ஆனால் தைத்தவர் யாரையும் இழக்கவில்லை. மற்றதின் சிப் கோணல், ஆனால் தைத்தவர் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். இரண்டாவதுதான் விலைப்படும். அப்போது நல்ல தையலுக்கு மரியாதை போய்விடுகிறது. அதைவிட மோசம், கோணலாகத் தைத்தவரிடம் அது கோணல் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இரக்கப்படுபவர் தையலைப் பார்ப்பதில்லை. தன்னை ஒரு தொழிலாளியாக மதித்து, "இதைப் பிரித்துத் திரும்பத் தையுங்கள்" என்று சொல்ல ஆளில்லாதவர் எப்போது தொழில் பழகுவார்?

அப்படியானால் வேலைக்கு மட்டும் விலை, கதைக்கு இடமில்லை என்று விதி செய்துவிடலாமா? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்கொக்ஸ் பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் 1966இல் ஃபிரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வாக்காளராகப் பதிந்த குற்றத்திற்காகக் குடும்பங்கள் குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்ட காலம் அது. அவர்களின் துண்டுத்தையல் போர்வைகள் நியூயோர்க்கின் பெரிய கடைகளுக்குப் போயின. 1972இல் சியர்ஸ் நிறுவனத்திற்குக் கோர்டுரோய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது. இரக்கத்திற்கல்ல, வேலைக்கே சம்பளம். ஆனால் கடைகள் ஒரே அளவு, ஒரே வடிவம் கேட்டன. கையிலிருந்த துணிக்கேற்பக் கோடுகளை வளைத்துப் பழகிய கைகள் சொன்ன அளவுக்குத் தைக்கவேண்டியதாயிற்று. சந்தை கதையை மட்டுமல்ல, கையையும் கேட்கும்.

அதே பகுதியின் ஜீஸ் பென்ட் என்ற ஆற்றுவளைவுக் கிராமத்தில் மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல், இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். விற்பதற்கல்ல, அவனை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்கு. அந்தக் கிராமத்துப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன், நியூயோர்க் நகரங்களின் அருங்காட்சியகங்களில் தைத்தவர்களின் பெயரோடு தொங்கின. 2006இல் தபால்முத்திரைகளிலும் வந்தன. 2007இல், தங்களுக்குச் சேரவேண்டிய பங்கு கிடைக்கவில்லை என்று தைத்தவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு வழக்கு முடிவுக்கு வந்தது. பெயர் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சிலி நாட்டுப் பெண்களின் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1973 செப்டெம்பர் 11இன் இராணுவப் புரட்சிக்குப் பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியில் துண்டுத்துணிகளை ஒட்டித்தைத்து, தங்கள் தெருவில் நடந்ததைப் படமாக்கினார்கள். அர்ப்பியேரா என்பது அதன் பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் மனித உரிமை அமைப்பின் ஊடாக அவை வெளிநாடு போயின. நம்மைப்போல் நாடு விட்டோடிய சிலி அகதிகள் ஐரோப்பிய நகரங்களில் அவற்றை விற்றார்கள். பயத்தினால் பெரும்பாலானவற்றில் தைத்தவரின் பெயரில்லை. ஆனால் சிலவற்றின் பின்புறத்தில் ஒரு குட்டிப் பை தைத்து, அதற்குள் தைத்தவரே எழுதிய ஒரு துண்டுக் கடதாசி வைக்கப்பட்டிருந்தது.

அவர்களும் துயரத்தைத் தைத்து விற்றார்கள்தானே என்று கேட்கலாம். ஆம், விற்றார்கள். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தத் துணியில் சொல்வது என்பதைத் தீர்மானித்தவர்கள் அவர்கள். கணவன் எங்கே என்று கேட்பதற்காகத்தான் அந்தப் படம். விலையைக் கூட்டுவதற்காக அந்தக் கேள்வி எழவில்லை. கேள்வி வீட்டுக்குள் வந்து சுவரில் தொங்கி, வாங்கியவரைத் தொந்தரவு செய்தது. அட்டையோ வாங்கியவரைத் தொந்தரவு செய்வதில்லை. அவரை நல்லவராக உணரவைத்து அனுப்பிவிடுகிறது. அனுப்பியபின் அது குப்பைக்குள் போகிறது, படத்திலுள்ள முகத்தோடு சேர்ந்து.

ஆகவே கதை சொல்வதா விடுவதா என்பது நமது கேள்வியாக இருக்கமுடியாது. கதைக்குச் சொந்தக்காரர் யார், அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதே கேள்வி. நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாடு சிறியது. வெளியே அட்டை இல்லை. என்ன துணி, எத்தனை மணித்தியாலம் என்பது எழுதப்படும். விரும்பினால் தைத்தவரின் பெயரும் இருக்கும். ஒவ்வொரு பையின் உள்துணியிலும் ஒரு சின்னப் பை உண்டு. சொல்ல விரும்புகிறவர் தன் கையெழுத்தில், தமிழிலோ இந்த நாட்டு மொழியிலோ, தான் விரும்பியதை எழுதி அதற்குள் வைக்கலாம். வாங்கியபின்தான் அது கண்ணில் படும். எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் ஒரே விலை. ஒருவர் தன் மகனைப் பற்றி எழுதுகிறார். இன்னொருவர் வெந்தயக்குழம்பு வைக்கும் முறையை எழுதுகிறார். ஊசியை வைக்காமல் பேசியவரின் உள்பை வெறுமையாகவே போகிறது. சிப் கோணலாயிருந்தால் யாராயிருந்தாலும் பிரித்துத் தைக்கவேண்டும்.

இதனால் பைகள் குறைவாகவே விற்கின்றன. ஊருக்குப் போகும் காசும் குறைந்துதான் போகிறது. இந்தக் குறைவை வேறு வேலை செய்து நாங்கள்தான் நிரப்பவேண்டியிருக்கிறது. மாண்பு செலவில்லாமல் வருவதில்லை, அந்தச் செலவை அவளின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் பெருமை பேசுவது நியாயமுமில்லை.

நமது ஆட்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். கலைவிழா வாசலில் பாவம் பார்த்து ஒரு பையை வாங்கிக்கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். மூன்று இடத்தில் தையலை இழுத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போங்கள், அது கோபிக்கக்கூடிய விடயமல்ல. பிடித்தால் பேரம் பேசாமல் வாங்கி, மார்க்கற்றுக்குக் கொண்டுபோய் லீக்சும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுமந்து வாருங்கள். பாரம் தாங்கினால் தைத்தவருக்கு அதுவே போதும்.