நாளை என்னாமை

மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர்பால் ‘பாடு’ என்றொரு வழக்குண்டு. ஏரியின் இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலையிடுதல் என முறை வகுத்துக்கொள்வர். தமக்குரிய நாளைச் சோம்பலாற் கழித்தவர்க்கு மறுநாள் அவ்விடம் உரியதன்று; அது பிறருடைய பாடு. பெறுதற்கரிய மானிடப் பிறவியும் நமக்கு வாய்த்த பாடேயன்றோ? பூசையை நாளை தொடங்குவோம், திருமுறையை ஓய்வு வந்தபின் ஓதுவோம் என்று அதனைக் கழித்தல் தகுமோ?

மனம் பக்குவப்பட்ட பின்னரே தொடங்குவோம் என்பாரும் உளர். அன்னார் ஆதனூர்த் திருநாளைப்போவாரை நோக்குக. தில்லைக்குச் செல்லும் பேரவா ஒருபுறமும், குலங்காரணமாக உட்புக இயலாதென்னும் அச்சம் ஒருபுறமும் ஈர்ப்ப, அவர் நாளை நாளை என்றே நாள் பல கழித்தார். அந்த ‘நாளை’ உலகம் இட்ட தடையால் வந்தது. நம்முடையதோ மடியால் வருவது. அந்நாளிலும் அவர் வாளாவிருந்திலர். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தார். திருப்புன்கூரில் வாயிற்புறத்தே நின்று வழிபட்டு, ஆங்கொரு குளமும் தோண்டினார். முடிவில், தடை நீங்குமுன்னரே தில்லைக்குப் புறப்பட்டார். எல்லையை அடைந்த பின்னரே இறைவன் கனவில் தோன்றி அருளினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

ஆணவவிருள் நீங்கிய பின் தொடங்குவோம் என்றல், இருள் அகன்றபின் விளக்கேற்றுவோம் என்பதை ஒக்கும். ஆதலின், தில்லை தொலைவாயின் அருகுள்ள ஆலயத்திலும், பெருந்தொண்டு அரிதாயின் ஒரு பதிகத்திலும் இன்றே தொடங்குவோமாக. அச்சம் உடன்வரினும் வருக. அருளும் வழியில் எதிர்ப்படும்.