இல்லாத ஸ்டேஷன்

“கதை எழுதுகிறவன் பொய் சொல்கிறவன்தானே?” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை அடிக்கடி கேட்பார். சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனாலும் கேள்வி உறுத்தும்.

லண்டன் பாதாள ரயிலில் ஏறி ‘வால்ஃபோர்டு ஈஸ்ட்’ ஸ்டேஷனில் யாரும் இறங்க முடியாது. 1985-ல் பி.பி.சி. டெலிவிஷனில் தொடங்கிய ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ தொடருக்காகக் கற்பித்த ஸ்டேஷன் அது. தொடரில் காட்டும் வரைபடத்தில், பிராம்லி-பை-போ என்ற நிஜ ஸ்டேஷனின் இடத்தில் அதை வைத்தார்கள். 1967-ல் வந்த ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’ படத்தில் பூமியைத் தோண்டும்போது மண்டையோடுகள் கிளம்புகிற ‘ஹாப்ஸ் எண்ட்’ ஸ்டேஷனும் கற்பனைதான். இவற்றால் ஏமாந்தவர் யார்? பொய்யன் நம்மை ஏமாற்றப் பார்க்கிறான். கதாசிரியன் அந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் விற்பதில்லை.

ஒரு முறை நான் நிஜத் தெரு ஒன்றின் பெயரைப் போட்டு, கடனில் மூழ்கிய குடும்பத்தைப் பற்றிக் கதை எழுதினேன். குடும்பம் கற்பனை. ஆனால், அந்தத் தெருவில் கடன்பட்டு நொடித்த வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மாள் கோயிலில் என்னைப் பார்த்து, “தெருப் பேரையாவது மாத்தியிருக்கக் கூடாதா, தம்பி?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று முதல், கற்பனைப் பெயர் என்பது பிறருக்குக் காட்டும் மரியாதை என்றே எண்ணி வந்தேன்.

அப்படியானால் பெயரை மறைப்பதெல்லாம் தர்மமா? 1943 மார்ச் 3 இரவு, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, லண்டன் ஜனங்கள் பெத்னல் கிரீன் ஸ்டேஷனுக்குள் இறங்கினார்கள். அங்கே அப்போது ரயில் ஓடவில்லை, புகலிடமாகவே இருந்தது. மங்கலான படிக்கட்டு, நடுவே கைப்பிடி இல்லை. ஒருவர் விழ, அவர்மேல் மற்றவர்கள் விழ, 173 பேர் மாண்டார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அங்கே குண்டு ஒன்றும் விழவில்லை. பத்திரிகைச் செய்தியில் ஸ்டேஷன் பெயர் வரவில்லை. விசாரணை அறிக்கையும் 1945-ல்தான் வெளியாயிற்று. யுத்த காலத்துக்கு அதன் நியாயங்கள் இருக்கலாம். ஆனாலும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது என்ன ஆறுதல்?

அம்மாளின் தெருவை நான் மறைத்திருக்க வேண்டும். அந்தப் படிக்கட்டை யாரும் மறைத்திருக்கக் கூடாது. இப்போதெல்லாம் கதையில் ஊர்ப் பெயரை மாற்றுமுன், யாரைக் காப்பாற்ற மாற்றுகிறேன் என்று ஒரு கணம் பேனாவை நிறுத்துகிறேன். நொந்தவரையா, பதில் சொல்ல வேண்டியவரையா? சில சமயம், காப்பாற்றப் பார்ப்பது என்னைத்தான் என்று தெரிகிறது. பெரியவர் கேட்ட பொய் அங்கேதான் இருக்கிறது.