தண்டுகள் ஏன் திரும்பி வரவில்லை?

வேத பகுதி: 2 இராஜாக்கள் 6:8-24



எலிசா என்கிற ஒரே மனுஷனைப் பிடிக்க சீரிய ராஜா குதிரைகளையும் இரதங்களையும் பெரிய சேனையையும் தோத்தானுக்கு அனுப்பினான். கர்த்தர் அந்தச் சேனைக்குக் கண்மயக்கம் உண்டாக்கினார். கண் தெளிந்து பார்த்தால், அவர்கள் நிற்பது சமாரியாவின் நடுவில்! இஸ்ரவேலின் ராஜாவுக்குக் கை துறுதுறுக்கிறது. வெட்டட்டுமா என்று ஒருதரமல்ல, இரண்டுதரம் கேட்கிறான். தீர்க்கதரிசியோ, வெட்டாதே, சாப்பாடு போட்டு அனுப்பு என்கிறார். ராஜாவும் பெரிய விருந்தே பண்ணி அனுப்பினான். பலன் என்ன? கொள்ளையிட வந்துகொண்டிருந்த சீரியரின் தண்டுகள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. பட்டயம் செய்யாததை ஒரு பந்தி செய்தது. அல்லேலூயா!

"அதெல்லாம் பைபிள் காலத்துக்கு சரி பாஸ்டர். இந்தக் காலத்துல துப்பாக்கி தூக்கினவனுக்கு விருந்தா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதற்கு நம்முடைய தேசத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

1. பசியில் பிறந்த கலகம்

மிசோ மலைகளில் 1959-ல் மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும். எலி பெருகினால் வயலில் தானியம் இருக்காது. ஜனங்கள் பஞ்சத்தில் தவித்தார்கள். அரசாங்கம் தங்களைக் கைவிட்டுவிட்டது என்ற கசப்பு வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காக லால்டெங்கா என்பவர் ஆரம்பித்த அமைப்பே 1961-ல் மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966 பிப்ரவரி 28-ல் அவர்கள் ஆயுதம் தூக்கி, தனிநாடு கேட்டார்கள். அந்தக் கலகத்தில் கொலைகளும் நடந்தன. அதை நியாயப்படுத்த முடியாது.

அரசாங்கம் என்ன செய்தது? 1966 மார்ச்சில் நம்முடைய விமானப்படையே ஐசாலின்மேல் குண்டு போட்டது. 1967 முதல் கிராமம் கிராமமாக ஜனங்களைக் கிளப்பி, ரோட்டோரமாக ராணுவக் காவலுக்குள் குடிவைத்தார்கள். விட்டுவந்த வீடுகள் எரிக்கப்பட்டன. இத்தனையும் செய்தும் கலகம் முடிந்ததா? இல்லை. இருபது வருஷம் இழுத்தது.

2. நாற்காலியை விட்டுக்கொடுத்தவர்

அந்த இருண்ட வருஷங்களில் மிசோ சபைத் தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. வன்முறை தப்பு என்று தங்கள் சொந்தப் பிள்ளைகளிடமே சொன்னார்கள். ராணுவத்தின் கொடுமையையும் அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினாலும் நடுவிலே நின்று பேசினார்கள். 1976-ல் ஓர் உடன்பாடு வந்து, அது நிலைக்காமல் போயிற்று. ஆனாலும் பேச்சு முற்றிலும் அற்றுப்போகவில்லை. கடைசியில் 1986 ஜூன் 30-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதற்குப்பின் நடந்ததைக் கவனியுங்கள். அப்போது முதலமைச்சராயிருந்த லால் தன்ஹாவ்லா பதவியிலிருந்து இறங்கினார். நேற்றுவரை காட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து யுத்தம் நடத்திய லால்டெங்காவுக்கு அந்த நாற்காலியைக் கொடுத்து, தான் துணை முதலமைச்சராக உட்கார்ந்தார். நம்ம ஏரியாவில் ஒரு சங்கத்தின் செயலாளர் பதவியை விட்டுக்கொடுக்கிறவனைக் காட்டுங்கள் பார்ப்போம்! 1987 பிப்ரவரி 20-ல் மிசோரம் தனி மாநிலமாயிற்று. கீழே வைத்த துப்பாக்கியை அந்த முன்னணி மறுபடி எடுக்கவில்லை. தண்டுகள் திரும்பி வரவில்லை!

3. கல்லும் மணலும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நம் கரையைப் பாருங்கள். துறைமுகம் வந்த பிறகு வடக்கே கடல் அரிக்கிறது. கல் கொட்டினார்கள். கல் கொட்டின இடம் நின்றது. ஆனால் கடல் இன்னும் வடக்கே தள்ளிப்போய் அங்கே அரித்தது. கல் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? கல் இல்லாவிட்டால் வீடு போய்விடும். ஆனால் கல்லால் மணலைக் கொண்டுவர முடியாது. கரையாகக் கிடப்பதோ மணல்தான்.

அதிகாரத்தின் கையிலுள்ள பட்டயமும் அப்படித்தான். அது வீணாகக் கொடுக்கப்படவில்லை என்று ரோமர் 13-ல் பவுல் போதிக்கிறார். வெறியனை அது தடுத்து நிறுத்தும். ஆனால் வெறுப்பை அது கரைக்காது; அடுத்த தெருவுக்கு, அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிடும். கோயம்புத்தூரை மறந்துவிட்டோமா? 1997 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14-ல் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். ஒரு சாவுக்கு இன்னொரு சாவு என்று கணக்கு எழுதினால் அந்த நோட்டு மூடுவதேயில்லை.

4. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்

பிரசங்கிமார் அநேகர் 23-ம் வசனத்தோடு நிறுத்திவிடுவோம். 24-ல் என்ன இருக்கிறது? சில காலத்துக்குப்பின் பெனாதாத் முழுச் சேனையோடு வந்து சமாரியாவை முற்றிக்கை போட்டான். அப்படியானால் விருந்து தோற்றுப்போயிற்றா? இல்லை. சாப்பிட்டுப்போன கொள்ளைக்கூட்டம் நின்றது. ராஜாவின் பேராசை வேறே காரியம். ஒரே ஒரு பந்தியில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று வேதம் வாக்குப்பண்ணவில்லை. பந்தி திரும்பத் திரும்பப் போடப்பட வேண்டும்.

ஆகவே பிரியமானவர்களே, காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் வேலையில்லாமல் நிற்கிற தம்பிமாரை முதலில் தேடிப்போகிறது யார்? கத்தியைக் கொடுக்கிறவனா, நீங்களா? போலீஸாரே சென்னையில் சிறுவர் மன்றம் வைத்து, கேரம்போர்டும் பந்தும் கொடுத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். சபை அதிலும் குறைவாய்ச் செய்யலாமா? அடுத்த மதத்தாரைத் திட்டுகிற வீடியோ உங்கள் செல்போனுக்கு வந்தால், அதை அடுத்தவனுக்குத் தள்ளாதிருங்கள். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

சத்துரு பசியாயிருந்தால் போஜனங்கொடு என்று நீதிமொழிகள் 25-லும் ரோமர் 12-லும் நமக்குக் கட்டளையாகவே இருக்கிறது. இந்த வாரம் உங்களோடு பேசாத ஒருவருடைய பெயரைச் சொல்லி முழங்காலில் நில்லுங்கள். எழுந்தவுடனே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சமாதானத்தின் தேவன் உங்களோடேகூட வருவாராக. ஆமென்.