பெயரும் பாதையும்

கோ மொழியில் 'அன்சேஃப்' என்று ஒரு பேக்கேஜ் உண்டு. மொழி போட்டிருக்கும் வேலியைத் தாண்டி மெமரியைத் தொட அது வழிவிடும். அதன் கோப்பில் இருப்பது விளக்கம் மட்டும்தான். வேலையைச் செய்வது கம்பைலர். ஆகவே எது அந்தப் பேக்கேஜ் என்பதில் கம்பைலருக்குக் குழப்பமே வரக்கூடாது.

அதன் பயன்பாட்டைப் பிடிக்க நான் எழுதிய சோதனைக் கருவி பெயரைப் பார்த்தது. இரண்டு பக்கமும் அடி. நண்பர் ஒருவர் தன் சாதுவான பேக்கேஜுக்கு அதே பெயரை வைத்திருந்தார், மாட்டிக்கொண்டார். இன்னொருவர் அசல் அன்சேஃபையே 'யு' என்ற மாற்றுப்பெயரில் இம்போர்ட் செய்திருந்தார், தப்பிவிட்டார். கம்பைலர் பார்ப்பது பெயரை அல்ல, இம்போர்ட் பாதையை. நானும் அப்படி மாற்றினேன். ஒரே வரிதான்.

அந்த வாரம் உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மூன்று மாதமாக முதியோர் பென்ஷன் வரவில்லை. அதே பெயர்க்காரர் ஒருவர் செத்துப்போனதில் இவரையும் கணக்கில் சாகடித்துவிட்டார்கள். "நான் உசுரோடதான்பா இருக்கேன். அத யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார். மாத்திரை வாங்குவதையும் நிறுத்தியிருந்தார்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஆண்டு 921. ஊரில் முப்பது குடும்புகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்புவாரியாகக் கட்டி, மேலே வாயோலை வைத்துத்தான் குடத்தில் போட்டார்கள். வெறும் பெயர் போதாதென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது: கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் போட்டியிடக் கூடாது. அந்தச் சபையே பிராமணர்களுடையது. மற்றவர்களின் பெயர் ஓலைக்கே வராது.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. பாதை, இது யார் என்று சொல்லும். எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. அன்சேஃபின் பாதை அதைச் செய்தவர்களே தேர்ந்து வைத்தது. நம்முடையது பிறப்பு. அதை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆளை அடையாளம் காண உதவுவதையே ஆளை எடைபோடவும் எடுத்துக்கொள்வது சோம்பல். சில சமயம் அநியாயம்.

தாத்தாவுக்கு மனு எழுதினேன். தகப்பனார் பெயர், தெரு, கதவு எண்.

"எங்கப்பா பேரு எதுக்குப்பா? அவரு போயி அம்பது வருசமாச்சு."

"நீங்க நீங்கதான்னு சொல்றதுக்கு மட்டும்தான் தாத்தா."